சும்மா வைக்க மாட்டான்

அந்தத் தொடரை என்னோடு வேலை பார்த்த அக்கா ஒரு வாரம்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அதை அவரைப்போலப் புரிந்துகொண்டவர்கள் ராஜபாளையத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன்.

எண்பதுகளின் கடைசி அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி.யில் ஒரு விண்வெளித் தொடர் ஓடியது. ஹிந்தித் தொடர். பெயரை வாசிக்கத் தெரியாததால் எங்கள் தெருவில் அதற்குக் ‘கப்பல் படம்’ என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். வழி தவறிப்போன ஒரு விண்கப்பல் வீடு திரும்பப் பார்க்கும். வாரம் ஒரு கிரகத்தில் போய் மாட்டிக்கொள்ளும். கப்பலுக்கு ஒரு கேப்டன், அவன் கூடவே நடக்க பீரோ உயரத்தில் ஒரு ரோபோ. கதை அவ்வளவுதான் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

எங்கள் வீட்டில் டி.வி. கிடையாது, எதிர்வீட்டுக்குப் போவேன். அந்த வீட்டுக்காரர் மில்லுக்குப் பருத்தி வாங்க நாலைந்து தடவை பம்பாய் போய்வந்தவர். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். “ரா அம்மா, கூர்ச்சோ” என்று என்னை உட்காரவைத்துவிட்டு, ஹிந்தி தெரிந்த பெரிய மனிதர் என்ற முறையில் எல்லோருக்கும் மொழிபெயர்ப்பார். கேப்டன் முகமெல்லாம் வேர்த்து, குரல் தழுதழுக்க நெடுநேரம் பேசுவான். இவர், “போலாம்ங்கிறான்” என்பார். ரோபோ அதைவிட நீளமாக ஏதோ பதில் சொல்லும். “சரிங்குது” என்பார். இப்படியே ஆறேழு மாதம் ஓடியது.

அக்காவுக்கு அந்த நேரம் சபையில் காலை ஆராதனை. அவர்தான் ஆர்மோனியம். அவர் போகாவிட்டால் பாட்டு எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை என்பதால் காய்ச்சலோடுகூடப் போய் உட்காருவார். ஆராதனை முடிந்ததும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை உட்காரவைத்து, வேதத்தில் முன்னால் வந்தது பின்னால் எந்த இடத்தில் திரும்ப வருகிறது என்று கேள்வி போடுவார். பிள்ளைகள் கொட்டாவி விட்டால் அவரே பதிலும் சொல்லிக்கொள்வார். கோர்த்துப் பார்ப்பது அவருடைய ரத்தத்திலேயே இருந்தது.

நானும் அவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நகல் பிரிவில் வேலை பார்த்தோம். தீர்ப்பு நகல் கேட்டு மனுப் போடுகிறவர்களுக்கு டைப் அடித்துக் கொடுக்கும் பிரிவு அது. நான் ரீடர், அவர் எக்ஸாமினர். அதாவது மூலத்தை நான் சத்தமாக வாசிக்க வேண்டும். கமா, முற்றுப்புள்ளி, பாரா எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் நகலைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்ப்பார். நாள் முழுக்க நான் கத்துவேன், அவர் ‘உம்’ கொட்டுவார். உம் நின்றால் தப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நிலத் தகராறுத் தீர்ப்பை வாசித்தேன். எல்லைகளைச் சொல்லும் இடத்தில் கிழக்கு என்று வர வேண்டியது மேற்கு என்று விழுந்திருந்தது. நானாகக் கிழக்கு என்று திருத்தி வாசித்தேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு. உம் நின்றது.

“ஏட்டி, நகல்ல மேற்குன்னுலா இருக்கு?”

“மூலத்துலயும் அப்படித்தான்க்கா. தப்பாப் போட்டிருக்காங்க. நான் சரியா வாசிச்சேன்.”

பென்சிலைக் கீழே வைத்தார். “நீ என்ன ஜட்ஜா? மூலத்துல தப்புன்னா நகல்லயும் தப்பு அப்படியே வரணும். அது தப்புன்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும், ஆனா தொடக்கூடாது. இம்புட்டுதான் நம்ம வேல.”

திங்கட்கிழமைக் காலை பஸ்ஸில்தான் கப்பல் படம். இருவரும் ராஜபாளையத்தில் ஏறுவோம். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, குடையை மடியில் கிடத்தி, கைப்பையிலிருந்து வறுத்த கடலையை எடுத்து எனக்கும் கொஞ்சம் தட்டுவார். “வாசி” என்பார். சொல்லு என்று சொல்ல மாட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் நிற்கும் இடம் வரைக்கும் நான் முந்தின நாள் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். வசனம் எனக்குப் புரியாது, ஆகவே கண்ணில் பட்டதைத்தான் சொல்வேன். யார் எங்கே நின்றார்கள், கையில் என்ன இருந்தது, மேஜையில் என்ன இருந்தது. அக்காவுக்கு அதுதான் வேண்டும். பேசினதைச் சொன்னால், “அத விடு, பேச்ச யாரும் மாத்திப் பேசலாம். சாமானச் சொல்லு” என்பார்.

ஒரு திங்கட்கிழமை, ஒரு கிழவி கேப்டனுக்கு நீலக் கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் கொடுத்ததைச் சொன்னேன். அக்கா கடலையை மெல்வதை நிறுத்தினார்.

“நீலமா? மொத வாரம் கப்பல் கெளம்பும்போது வீட்டு வாசல்ல ஒரு பொண்ணு நின்னான்னியே. அவ கையிலயும் நீலக் கிளாசுதான?”

நான் சொல்லியிருக்கிறேன். எனக்கே மறந்துவிட்டது. பிறகொரு வாரம் ஒரு பாலைவனக் கிரகத்தில், மணலில் நீலக் கண்ணாடிச் சில்லு ஒன்று கிடந்தது. கேப்டன் அதைக் குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டேன். “செட்டுச் சாமான்மா. ஒரே சாமான வச்சு ஒப்பேத்துவாங்க. பம்பாய்ல நான் பாத்திருக்கேன்” என்றார். அதை அக்காவிடம் சொன்னபோது அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே.

“ஒப்பேத்துதவன் நாற்காலிய வப்பான், வெளக்க வப்பான். ஒடைஞ்ச சில்ல எதுக்குட்டி வைக்கான்? சும்மா வைக்க மாட்டான்.”

இதுதான் அக்காவின் மந்திரம். சும்மா வைக்க மாட்டான். அந்த ‘அவன்’ தொடர் எடுத்தவனா, மேலே இருக்கிறவனா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. இரண்டு பேரையும் ஒரே குரலில்தான் சொல்வார்.

ரோபோ விஷயம் இன்னும் பெரியது. பேச்சோடு பேச்சாக ஒரு நாள், “அந்த ரோபோ கேப்டனுக்கு எந்தப் பக்கமா நடக்கும்?” என்று கேட்டார். அதையெல்லாம் யார் கவனித்தார்கள்? அடுத்த ஞாயிறு கவனித்தேன். வலப்பக்கம். அதற்கடுத்த வாரமும் வலப்பக்கம். குறுகலான குகையில்கூட அது சுற்றிவந்து வலப்பக்கம்தான் நின்றது. மற்றவர்கள் பேசவந்தால் கேப்டன் லேசாகத் திரும்பி அவர்களை வலப்பக்கம் வாங்கிக்கொண்டான். சொன்னேன்.

அக்கா கடலையைக் கையிலேயே வைத்துக்கொண்டார். “மொத வாரம் எஞ்சின் வெடிச்சதுல்லா, அப்போ அவனுக்கு எந்தப் பக்கம் எஞ்சின் இருந்துச்சு?”

“இடப்பக்கம்.”

“அப்போ அவனுக்கு எடது காது கேக்காது. கப்பல்ல ஒருத்தனுக்கும் தெரியாது, ரோபோவுக்குத்தான் தெரியும்” என்று தீர்ப்பு வாசித்துவிட்டுக் கடலையைத் தொடர்ந்தார்.

இரண்டு மூன்று வாரம் கழித்து, கேப்டன் ஒரு மேஜையில் குனிந்து படம் வரைந்துகொண்டிருக்கிறான். அவனுடைய இடப்பக்கம் அபாய மணி அலறுகிறது. நாங்கள் அத்தனை பேரும் காதைப் பொத்துகிறோம், அவன் நிமிரவே இல்லை. ரோபோ ஓடிவந்து அவனை இழுத்துக்கொண்டு போகிறது. எதிர்வீட்டுக்காரர், “திமிரப் பாருங்க” என்றார். நான் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்நேரம் சபையில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருக்கிற ஒரு மனுஷி இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள் என்று அவர்களிடம் சொன்னால் நம்பவா போகிறார்கள்?

ஆனால் அக்கா எல்லாவற்றிலும் ஜெயித்தார் என்று எழுதினால் அது உண்மை நகல் ஆகாது. எங்கள் ஹெட்கிளார்க் திடீரென்று டீயில் சீனி வேண்டாம் என்றார். செவ்வாய்க்கிழமைகளில் தாமதமாக வந்தார். மெத்தென்று புதுச் செருப்புப் போட்டார். அக்கா மூன்றையும் கோர்த்தார். சர்க்கரை வியாதி முற்றிவிட்டது, செவ்வாய்தோறும் ஆஸ்பத்திரி, காலில் புண். கோர்த்ததோடு விட்டாரா? ஞாயிற்றுக்கிழமை சபையில் பேர் சொல்லி உருக்கமாக ஜெபம் செய்துவிட்டார். அந்தச் சபையில் ஹெட்கிளார்க்கின் பக்கத்து வீட்டம்மா ஒருவர் இருந்தார். திங்கட்கிழமை மத்தியானம் ஹெட்கிளார்க்கின் மனைவி கோர்ட்டுக்கே அழுதுகொண்டு வந்து நின்றார், எனக்கு ஏன் மறைத்தீர்கள் என்று. விஷயம் என்னவென்றால், ஹெட்கிளார்க், மகள் டைப்ரைட்டிங் பாஸாகும்வரை இனிப்புத் தொடுவதில்லை என்று பெருமாளுக்கு நேர்ந்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணை வகுப்பில் விட்டுவிட்டு வருவார். செருப்பு மச்சினர் வாங்கிக் கொடுத்தது. அக்கா எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

அன்று சாயங்கால பஸ்ஸில் கடலை வெளியே வரவில்லை. “கதையில தப்புனா அடுத்த ஞாயிறு அவனே சரிபண்ணிருவான். மனுசன் விசயத்துல தப்புனா யாரு சரிபண்ணுவா? இனிமே வாயத் தொறக்க மாட்டேம்மா” என்றார். அப்போது அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வத்திராயிருப்பு, பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். வந்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது. நீளமான விரல்கள், சிரிக்கும்போது கண்ணும் சேர்ந்து சிரிக்கும். ஆனால் அதிகம் பேசவில்லை. அப்பா கேட்ட கேள்விகளுக்கெல்லாம் கூட வந்த அவருடைய அக்கா வீட்டுக்காரர் முந்திக்கொண்டு பதில் சொன்னார். கூச்ச சுபாவம் என்றார்கள். இரண்டாவது தடவையும் வந்தார்கள். பெரிய இடத்துப் பவுசு இல்லாத, பாந்தமான குடும்பமாகத்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை பஸ்ஸில் அக்காவுக்குக் கப்பல் படத்தோடு இதையும் சேர்த்து வாசித்தேன். “அப்பா அவரை ஃபேனுக்கு நேரா உக்காரச் சொன்னாங்க. செத்த நேரத்துல எந்திரிச்சு ஜன்னலோரமாப் போயிட்டாரு. மூஞ்சில வெயில் அடிக்கி, ஆனா அங்கதான் உக்காந்திருந்தாரு. முத தடவையும் அதே நாற்காலிதான்க்கா.”

“அந்த நாற்காலிக்கு எந்தப் பக்கம் சுவரு?” என்றார் அக்கா.

“இடப்பக்கம்.”

சொன்னபிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். சட்டென்று வாயை இறுக்கி மூடிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, “ஆலங்குளம் சிமெண்டு லாரி போவுது பாரு. எம்புட்டுத் தூசி” என்றார். அக்கா வாழ்க்கையில் லாரியைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடப்பக்கம் சுவர் இருந்தால் அந்தப் பக்கமிருந்து யாரும் பேச மாட்டார்கள்.

“அக்கா, அவருக்குக் காது…”

“நான் ஒண்ணும் சொல்லல. நான் சொல்லி ஒரு பிள்ள பொழப்பு கெட வேண்டாம். நான் லாரியத்தான் சொன்னேன்.”

புரட்டாசிச் சனிக்கிழமை இரண்டு வீட்டாரும் சேர்ந்து திருவண்ணாமலை போவதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் திருவண்ணாமலை என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மலைப் பெருமாள் கோவில்தான். படி முழுக்கக் கூட்டம். கோவிந்தா கோவிந்தா என்று ஒரே சத்தம். பெரியவர்கள் முன்னால் போக, நானும் அவரும் பின்தங்கினோம். நான் வேண்டுமென்றே அவருடைய இடப்பக்கம் போனேன்.

“கால் வலிக்கி. செத்த உக்காரலாமா?” என்றேன்.

அவர் பாட்டுக்கு ஏறினார். சுற்றி வந்து வலப்பக்கம் நின்று அதையே சொன்னேன். அடுத்த படியில் வைக்கப்போன காலை அப்படியே எடுத்துவிட்டார். “அடடா, உக்காருங்க, உக்காருங்க” என்று தோளில் கிடந்த துண்டை எடுத்துப் படியைத் தட்டிவிட்டார். அந்தப் பதற்றத்தில் நான் பாதி தோற்றுப்போனேன்.

“இடது காது கேக்காதா?”

முகம் வெளுத்துவிட்டது. கையிலிருந்த துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். “சின்னப் பிள்ளையில சீழ் வச்சு அப்படியே போயிட்டு. வலது காது நல்லாக் கேக்கும். மொத நாளே சொல்லணும்னுதான் வந்தேன். முடிஞ்சபொறவு சொல்லிக்கிடலாம்னு அத்தான் வாயடைச்சுட்டாரு. எனக்கு அது ஒப்பல. நாளைக்கு நானே வந்து உங்க அப்பாட்ட சொல்லிருதேன். பொறவு நீங்க எது சொன்னாலும் சரி.”

சொன்னபடியே மறுநாள் காலையில் தனியாக வந்தார். அன்றுதான் கப்பல் படத்துக்குக் கடைசி வாரம். எதிர்வீட்டிலிருந்து ஆரம்ப இசை கேட்கிறது, எங்கள் வீட்டில் அவர் அப்பாவின் முன்னால் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் அடுப்படியில் காபியைப் பொங்கவிட்டேன். அவர் போனபிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“பையன் யோக்கியன்தான். ஆனா அவங்க வீடு மறச்சுட்டாங்களே. மறச்ச வீட்டுல பொண்ணக் குடுக்க எனக்கு மனசு வரல. வாழப்போறது நீ. நாளைக்குச் சாயங்காலம் நீ சொல்லு. வேண்டாம்னா அத்தோட விட்டுருவோம்.”

இரவெல்லாம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவரைப் பிடித்திருந்தது. அதேசமயம் ஏமாற்றப் பார்த்தார்களே என்ற எரிச்சலும் அடங்கவில்லை. காலையில் பஸ் ஏறினேன். அக்கா எனக்கு முன்பே இடம் போட்டு வைத்திருந்தார். “வாசி. வீட்டுக்குப் போய்ச் சேந்தானா?”

“நான் பாக்கலக்கா.”

“ஏட்டி! கடைசி வாரத்தயா?”

“எதிர்வீட்ல கேட்டேன். ‘வந்துட்டான்ங்கிறான்’னாரு. அம்புட்டுதான்.” பிறகு மலையில் நடந்ததையும், அவர் வந்து சொன்னதையும், சாயங்காலம் நான் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் அழுதுகொண்டே சொன்னேன். முன்சீட்டு ஆள் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

அக்கா ஒரு வார்த்தைகூட யோசனை சொல்லவில்லை. சீனி விஷயத்தின் பயம் இன்னும் போகவில்லை. கைப்பையைத் திறந்து கடலையை என் கையில் வைத்தார். “இன்னைக்கு நான் வாசிக்கேன், நீ கேளு. உம் கொட்டணும்.”

உம் என்றேன்.

“கப்பல் எறங்கிட்டு. கேப்டன் வீட்டப் பாக்க நடந்து போறான். ரோபோவக் கூட்டிட்டுப் போகல. மொத தடவையா அவனுக்கு வலப்பக்கம் காலி. வாசல்ல அந்தப் பொண்ணு நிக்கா. அவளுக்கும் வயசாயிட்டு. இவனுக்குக் காது போனது அவளுக்கு எப்படித் தெரியும்? எடப்பக்கமா வந்து கூப்பிடுதா. இவன் திரும்பல.”

“உம்.”

“கோவிச்சுட்டு உள்ள போயிருக்கலாம். போகல. அவன் நடக்கறதயே செத்த நேரம் பாக்கா. பொறவு சுத்தி வந்து வலப்பக்கம் நின்னு, நீலக் கிளாசுல தண்ணி குடுக்கா. ஏன்னு அவ கேக்கல. முடிஞ்சு போச்சு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். “நெசமாவே இப்படித்தான் காட்டினானா, இல்ல நீங்களாச் சொல்லுதியளா?”

“பின்ன எதுக்குட்டி அந்தக் கிளாச அத்தன வாரமாக் காட்டினான்? சும்மா வைக்க மாட்டான்.”

தேர் நிற்கும் இடம் வந்துவிட்டது, இறங்கினோம். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சரி என்று சொன்னேன். கேபிள் வந்தபிறகு அந்தத் தொடரைத் திரும்பப் போடுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அக்காவும், “தெரிஞ்ச கதைய எதுக்குப் பாக்கணும்?” என்றுவிட்டார்.

கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. தாலி ஏறியதும் எங்கள் வழக்கப்படி பெண்ணை மாப்பிள்ளையின் இடப்பக்கம் மாற்றி உட்காரவைப்பார்கள். வைத்தார்கள். மேளச் சத்தத்தில் நான் எதையோ கேட்கிறேன், அவர் நேரே பார்த்துக்கொண்டிருக்கிறார். சடங்கு முடிந்து போட்டோவுக்கு நிற்கும்போது நான் பேசாமல் வலப்பக்கம் போய் நின்றுகொண்டேன். போட்டோக்காரர் கேமராவைக் கீழே இறக்கினார். “பொண்ணு இந்தப் பக்கம் வாம்மா, எடம் தப்பு” என்றார். அத்தை ஒருத்தி என் கையைப் பிடித்து இழுக்க வந்தாள்.

முன்வரிசையில் பட்டுச்சேலையும் குடையுமாக உட்கார்ந்திருந்த அக்கா எழுந்தார். கோர்ட்டில் நகலைச் சரிபார்த்து முடித்ததும் வரும் அதே குரல்.

“மூலத்துல உள்ளபடிதான் இருக்கு. எடுங்க.”

போட்டோக்காரர் எடுத்துவிட்டார். அந்தப் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் பார்க்கிறார்கள், நன்றாயிருக்கிறது என்கிறார்கள், காபி குடித்துவிட்டுப் போகிறார்கள். பெண் ஏன் பக்கம் மாறி நிற்கிறாள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆளான அக்கா அன்றைக்குக் கேமராவுக்குப் பின்னால், கண் நிறைய நீரோடு நின்றுகொண்டிருந்தார்.